இருபத்தொரு சதுர அடி

துரைக்கண்ணுவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு நான்கு கால்கள். அதில் ஒன்று குட்டை. வாடகைக்கு விடுகிறவன் குட்டைக் காலுக்கென்று ஓர் ஓட்டுச்சில்லையும் கையோடு கொண்டுவந்திருந்தான். பெட்டிக்குத்தான் வாடகை, சில்லு இனாம் என்று அவனாகவே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு அந்த வீட்டில் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

ஒரு பகலும் ஓர் இரவும் பெட்டி கூடத்தில் நின்றது. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கால்கள் துருப்பிடித்த இரும்பு. மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் அந்த ஈரத்தில் ஊறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை நகர்த்தியபோது வெள்ளை மார்பிள் தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு கறை இருந்தது. நான்கு மூலையிலும் செங்கல் நிறத்தில் வட்டம், நடுவில் டீ கொட்டியதுபோல ஒரு மங்கல்.

கொரடாச்சேரிக்குத் தெற்கே நத்தவெளியில் மற்ற வீடுகளுக்கெல்லாம் டைல்ஸ்தான். துரைக்கண்ணுவின் மகன் அறிவுச்செல்வன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அங்கே யாருடைய வீட்டிலோ பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் மார்பிள்தான் என்று நின்றான். சேறும் வைக்கோலும் காலோடு வீட்டுக்குள் வருகிற ஊரில் வெள்ளைக் கல் எதற்கு என்று கொத்தனாரே கேட்டார். கேட்டுவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார்.

துரைக்கண்ணு விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அப்பன் காலத்தில் அடுத்தவன் வயலில் கூலி, அவர் காலத்தில் நாலு ஏக்கர் குத்தகை. பதினோரு வருஷத்துக்கு முன் திருவாரூரில் நடந்த ஒரு முகாமில், செத்த பிறகு உடம்பை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ஊர் அதை அவருடைய பேச்சுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அக்டோபர் முதல் வாரம், சனிக்கிழமை விடியற்காலையில், மடை திறக்கப் போன இடத்தில் வரப்பின்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் விமானம் பிடித்து வந்து முகம் பார்த்ததும், ஞாயிறு மதியம் திருவாரூரிலிருந்து கல்லூரி வண்டி வந்தது. அவருடைய மனைவி வேம்பு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வண்டியின் கதவைச் சாத்தினார்கள். வண்டி போயிற்று.

தோளில் துண்டோடு சுடுகாட்டுக்குக் கிளம்பத் தயாராக வந்திருந்த ஆண்கள் நாற்பது பேர் தெருவிலேயே நின்றார்கள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்க வேண்டும். போகவே இல்லை. குளிப்பதா வேண்டாமா? அரைமணி நேரம் இதைப் பேசினார்கள். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று வாய்க்காலில் இறங்கி முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

வேம்பு அழவில்லை. அழுகை வரும், வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஒரு நடவு செட்டுக்குத் தலைவி. பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று மிராசுகளிடம் பேசி முடித்து நட்டுக் கொடுப்பவள். நடவு இயந்திரம் வந்த பிறகும் அவளுக்கு வேலை குறையாததற்குக் காரணம், இயந்திரக்காரனுக்கு அவளைப்போலப் பேசத் தெரியாது. இப்போதும் அவள் வாய் ஓயவில்லை. பந்தல்காரனிடம் பேசினாள், காய்கறிக்காரனிடம் கறாராகப் பேசினாள். மோட்டார் ஓடியது, தண்ணீர்தான் ஏறவில்லை. பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது.

வந்தவர்கள் போனதும் துரைக்கண்ணுவின் தம்பி பஞ்சநதம் கறையைப் பார்த்தார். அண்ணன் கட்சிக்காரர். தம்பி, திருவையாற்றுச் சாமி பேரை வைத்துக்கொண்டு அந்தச் சாமிக்கு நியாயமாக நடக்கிறவர். உடம்பைக் கொடுத்ததில் அவருக்குச் சம்மதமில்லை. "எரிச்ச எடம்னு ஒண்ணு இல்ல, பொதச்ச எடம்னு ஒண்ணு இல்ல. நான் எங்க போயி அண்ணனுக்குப் பால் தெளிக்கறது அண்ணி?" என்று இரண்டு முறை கேட்டார். பால்தான் தெளிக்க முடியவில்லை, கறையையாவது எடுப்போம் என்று குளியலறையிலிருந்த ஆசிட் பாட்டிலை எடுத்துவந்து முழுக்கக் கவிழ்த்தார். உப்புத் தண்ணீர்க் கறை பிடித்த சிமெண்ட் தரைக்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். கல் பொங்கி நுரைத்தது. நல்லா கேக்குது என்று பஞ்சநதம் திருப்திப்பட்டார். கழுவிப் பார்த்தால் துரு வட்டங்கள் அப்படியே இருந்தன. அதைச் சுற்றி மார்பிள் வெந்து, சொரசொரப்பாக, சுண்ணாம்புச் சுவர்போல ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் அறிவுச்செல்வன் சிங்கப்பூருக்குத் திரும்பினான். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. சடங்கு கிடையாது, சங்கத்துக்காரர்கள் வந்து படத்தைத் திறந்து நாலு வார்த்தை பேசுவார்கள். அதற்குள் தரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அவன் தினமும் வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னான். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதவன் தரையைப் பற்றியாவது சொல்லிக்கொண்டிருந்தான்.

மகள் சுடர்விழி உள் அறையிலேயே கிடந்தாள். இரண்டாவது முறை நீட் எழுதி, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் தஞ்சாவூரில் மருத்துவம் கிடைத்து, சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உடற்கூறு வகுப்பில் முதல்முறையாக ஒரு சடலத்தின் முன்னால் அவளை நிறுத்தியது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை அப்பா. படத்திறப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை அவள் வகுப்புக்குத் திரும்பியாக வேண்டும். அவளுடைய துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒரு வேளைதான் சாப்பிட்டாள். அதிலும் ரசம்சோற்றை விரலால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

உடற்கூறுப் புத்தகம் அவள் இன்னும் வாங்கியிருக்கவில்லை. வாங்க வேண்டிய புத்தகம் மூன்று மாதிரி இருக்கிறது, எது என்று தெரியவில்லை என்று முதல் வாரமே அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தாள். இரு, நான் வந்து வாங்கித் தருகிறேன், புத்தகக்காரனிடம் பேசத் தெரியாமல் நீ மாட்டிக்கொள்வாய் என்று துரைக்கண்ணு சொல்லியிருந்தார். உடற்கூறு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, விலை என்றால் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை வேம்பு மகளைக் கிளப்பினாள். புத்தகத்தை வாங்கிவிட்டால் திங்கட்கிழமை போய்விடுவாள் என்பது அவள் கணக்கு. நாற்றைப் பறித்துக் கட்டிப் போட்டுவிட்டால் நட்டே ஆகவேண்டும், அந்த மாதிரி.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிக்குப் போகிற சாலையில் பிரகதீஸ்வரி என்ற அம்மாள் நடத்துகிற கடை. புதுப் புத்தகம் முன்பக்கம், பழசு பின்பக்கம். இருபது வருஷமாக முதல் வருஷத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, வாசல்படி ஏறும்போதே எது ஓடிப்போகும், எது தங்கும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். மூன்று புத்தகத்தை எடுத்து வரிசையாக மேசையில் வைத்தார். பரீட்சையில் பாஸாக வேண்டும் என்றால் இது, நம் ஊர்க்காரர் எழுதியது, மூன்று பாகம். உண்மையாகவே படிக்க வேண்டும் என்றால் இது, வெளிநாட்டுக்காரர், தூக்குவதற்கே ஒரு ஆள் வேண்டும். பயம் போக வேண்டும் என்றால் இது, முழுக்கப் போட்டோ, நிஜ உடம்பை வெட்டி எடுத்த படங்கள்.

சுடர்விழி முதல் இரண்டின் அட்டையைத் தொட்டாள். மூன்றாவதைப் பார்க்கவில்லை. வேம்பு அதைத்தான் இழுத்துத் திறந்தாள். நாற்றங்காலைப் பார்வையிடுகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரு கை. தோலை விலக்கி இருபக்கமும் ஊசி குத்தி வைத்திருந்தது. விரல் நுனிகளில் மட்டும் தோலும் நகமும் மிச்சம்.

"இது யாரு?"

"பேரு போட மாட்டாங்கம்மா," என்றார் பிரகதீஸ்வரி.

"ஊரு?"

"அதுவும் கெடையாதும்மா."

வேம்பு குனிந்து பார்த்தாள். "நெகத்தப் பாத்தா தெரியுது. சேத்துல எறங்காத கை."

திரும்பியபோது சுடர்விழி கடையில் இல்லை. எதிர்ப்பக்கம் ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிரகதீஸ்வரி மூன்று புத்தகத்தையும் திரும்ப அலமாரியில் அடுக்கினார். நாளைக்கும் கடை உண்டும்மா என்று மட்டும் சொன்னார்.

திருவாரூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் அம்மாப்பேட்டையைத் தாண்டியது. இருபுறமும் சம்பா நடவு. பாதி வயல் பச்சை, பாதி வயல் கண்ணாடி.

"நான் போகலம்மா."

"எங்க?"

"காலேஜுக்கு." அவளே தொடர்ந்தாள். "எங்க டேபிள்ல இருந்தவருக்கு அப்பா வயசு இருக்கும். கால் பூரா பித்தவெடிப்பு. அவரும் யாரோ வீட்டு ஆளுதான். இப்ப அப்பா திருவாரூர்ல அந்த மாதிரிக் கெடக்கறாரு. நான் இங்க கத்திய எடுத்தா அப்பா மேல வைக்கற மாதிரி இருக்கு. என்னால முடியாது."

வேம்பு டிக்கெட்டை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக. அதற்கு மேல் மடியவில்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. இருபது நிமிஷம் நின்றார்கள். சுண்டல் விற்கிறவன் ஜன்னலோரம் வந்தான். வேண்டுமா என்று வேம்பு மகளைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று மகளும் சொல்லவில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் பஞ்சநதம், அண்ணனையே தூக்கிக் கொடுத்தாயிற்று, பிள்ளையை வேறு எதற்கு அங்கே அனுப்புவது, போகாவிட்டால் போகிறது, டீச்சர் வேலைக்குப் படிக்கட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் தரை தேய்க்கிற ஆட்கள் வந்தார்கள். அறிவுச்செல்வன் யார்யாரிடமோ கேட்டு ஏற்பாடு செய்தது. ஜாஹித் என்று அதிராம்பட்டினத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிவாசல், கல்யாண மண்டபம், வெளிநாட்டுக்குப் போனவர்களின் வீடு என்று மார்பிள் போட்ட இடமெல்லாம் அவருக்குத் தொழில். கூட ராஜஸ்தான்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் ஊரிலிருந்து கல்லும் வந்தது; அதைத் தேய்க்க அவர்களும் பின்னாலேயே வரவேண்டியிருந்தது.

ஜாஹித் குந்தி உட்கார்ந்து, எச்சில் தொட்ட விரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார். "ஆசிட் ஊத்துனது யாருங்க?"

பஞ்சநதம் தெருவில் போகிற ஆட்டைக் கவனித்தார்.

இது சுண்ணாம்புச் சத்துள்ள கல், ஆசிட் பட்டால் வேகும், மேல்தோலை எடுத்தால்தான் சரியாகும் என்று ஜாஹித் விளக்கினார். தோல் என்ற சொல்லுக்கு உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. முழுக் கூடமும் இருநூற்று எண்பது சதுர அடி, இரண்டு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குள் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று விலை சொன்னார்.

வேம்பு கூடத்தின் நடுவுக்கு வந்தாள். கறையை நீளவாக்கில் காலடியால் அளந்தாள். ஏழு. குறுக்கே மூன்று. அவளுடைய காலடி ஒரு அடிக்கு நூல் பிசகாது. மிராசுகளே அதை நம்பிக் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

"இருவத்தோரு அடி. இதுக்கு மட்டும் பேசு தம்பி."

அப்படிச் செய்ய முடியாது என்றார் ஜாஹித். ஏன் முடியாது என்றாள் வேம்பு. மெஷின் இந்த இடத்தில் ஓடாதா? ஓடும். கறை போகாதா? போகும். அப்புறம் என்ன? முழுக்க எடுத்தால்தான் ஒரே மாதிரி இருக்கும், இந்த இடத்தை மட்டும் எடுத்தால் தனியாகத் தெரியும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"நாத்து செத்த எடத்துலதான் திரும்ப நடுவோம். முழு வயலையுமா நடுவாங்க?"

"அது நாத்தும்மா. நாலு நாள்ல வளந்து ஒண்ணாயிடும். கல்லு வளராது."

இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வேம்பு பேசி முடிக்காமல் விட்ட பேச்சு முப்பது வருஷத்தில் கிடையாது. குரலை உயர்த்தாமல், முகத்தில் ஒன்றுமில்லாமல், அதே இருபத்தொன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசலில் நின்றிருந்த நடவு செட்டுப் பெண்கள், அம்சம் என்பவளும் மற்றவர்களும், இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா பழையபடி ஆகிவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். ஆகவில்லை என்று அம்சம் சொன்னாள். பழைய அக்கா நடுவில் ஒரு தடவையாவது எதிராளியைச் சிரிக்க வைத்திருப்பாள்.

ஜாஹித் இரண்டு முறை எச்சரித்துப் பார்த்தார். வாங்குகிறவர் ஜெயித்த பிறகு மூன்றாவது முறை எச்சரிப்பது தொழிலுக்கு அழகல்ல. மெஷினை இறக்கச் சொன்னார்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். முதலில் முரட்டுக் கல், பிறகு அதைவிட நைசு, அதைவிட நைசு என்று ஆறு நம்பர் கல் மாற்றினார்கள். வெள்ளைக் கூழ் கொல்லைப் பக்கம் வழிந்து வாழைமரத்தடியில் தேங்கியது. பாதியில் கரண்ட் போயிற்று. அந்த நேரத்தில் ராஜஸ்தான்காரர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வேம்பு அவர்களுக்கு இட்லியும் புளிச்சட்டினியும் வைத்தாள். உள்ளே படுத்திருந்த சுடர்விழிக்கும் ஒரு தட்டு போயிற்று. ராஜஸ்தான்காரர்களின் தட்டு காலியாகத் திரும்பியது.

நான்கு மணிக்கு பாலிஷ் மாவு போட்டு மெருகேற்றித் துடைத்துவிட்டு மெஷினை நிறுத்தினார்கள். துருவும் இல்லை, வேக்காடும் இல்லை. ஏழுக்கு மூன்றில் ஒரு கண்ணாடி இருந்தது. மேலே தொங்குகிற மின்விசிறி அதற்குள் தலைகீழாகச் சுற்றியது. மூன்று வருஷம் கால்பட்டு, நெல் தூசு ஏறிப் போயிருந்த மிச்சத் தரை அதைச் சுற்றிப் பழுப்பாகக் கிடந்தது. கறை இருந்தவரை, இங்கே ஒரு பெட்டி இருந்தது என்று தெரிந்தது. இப்போது பெட்டியே இருப்பதுபோல இருந்தது.

ஜாஹித், நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை. மிச்சத்தையும் வேண்டுமானால் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன், நாளைக்கு ஆள் சும்மாதான் இருக்கிறது என்றார். அந்தப் பாதி விலையிலும் அவருக்குக் கட்டுபடியாகியிருக்கும்; ஆனாலும் மனதிலிருந்து சொன்னதுதான்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும்," என்றாள் வேம்பு.

சனிக்கிழமை காலை, தயிர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேம்பு பஸ் ஏறினாள். தஞ்சாவூரில் இறங்கி நேராக அந்தக் கடைக்குப் போனாள். பழைய புத்தகம் காட்டச் சொன்னாள். ஏன் பழசு என்று பிரகதீஸ்வரி கேட்டார். ஒருத்தர் படித்து முடித்ததாக இருந்தால் நல்லது என்றாள் வேம்பு. அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பின்பக்கத்தில் உடற்கூறு மட்டும் ஏழெட்டு இருந்தன. எல்லாம் இங்கிலீஷ். வேம்பு கல்யாணமான புதிதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷில் பஸ் நம்பர் வரைக்கும்தான். ஒவ்வொன்றாக எடுத்து, விலையைப் பார்க்காமல், பக்கத்தைத் திருப்பினாள். முதுகு கிழிந்து டேப் ஒட்டிய ஒரு புத்தகம். போட்டோ இல்லை, கோட்டுப் படங்கள். அதன் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. அவள் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள்.

‘இன்னைக்கு தொடல. பாத்தேன்.’

சில பக்கம் தள்ளி, ஒரு தோள்பட்டைப் படத்துக்குக் கீழே, ‘தொட்டேன்.’

இன்னும் பத்துப் பக்கம் தள்ளி, உள்ளங்கைப் படத்துக்குப் பக்கத்தில், ‘முடிச்சாச்சு. மெஸ்ஸுல நாலு சப்பாத்தி. நல்ல பசி.’

அந்தத் தடித்த புத்தகத்தில் வேம்புவால் வாசிக்க முடிந்தது இவ்வளவுதான். மூன்றையும் இன்னொரு தடவை வாசித்தாள். யாருடைய புத்தகம் என்று கேட்டாள். பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் விற்பார்கள், இப்போது எங்கேயாவது டாக்டராக இருக்கும் என்றார் பிரகதீஸ்வரி. பென்சில்தானே, அழித்துத் தருகிறேன் என்று ரப்பரை எடுத்தார்.

"அழிக்காதீங்க."

சொன்ன விலையை வேம்பு அப்படியே எண்ணி வைத்தாள். குறைத்துக் கேட்காத வாடிக்கையாளரைப் பார்த்துப் பழக்கமில்லாத பிரகதீஸ்வரிக்குக் கை ஓடவில்லை. நூறு ரூபாயை அவராகவே திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வேம்பு புத்தகத்தை அலமாரியில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தயிரை மறந்துவிட்டாள்.

படத்திறப்புக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். வாசலில் பந்தல், சிவப்புக் கொடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். மழை வருவதுபோல இருந்து வராமல் போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்குப் பூப் போட ஒவ்வொருவராகக் கூடத்துக்குள் வந்தவர்கள் அந்த ஏழுக்கு மூன்றைப் பார்த்ததும் ஒதுங்கி, சுவரோரமாக நடந்து படத்தை அடைந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாமி இல்லை, பேய் இல்லை என்று முப்பது வருஷம் மேடையில் பேசிய மாவட்டத் தோழரும் சுவரோரமாகவே வந்தார். துரைக்கண்ணுவின் உடல் நூறு மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகப் போகிறது என்று அவர் பந்தலில் பேசியபோது கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் பாதி தட்டினார்கள்.

அந்த நேரம் கூடத்தில் ஆள் குறைவாக இருந்தது. பஞ்சநதம் ஒரு செம்பு நிறையப் பாலைக் கொண்டுவந்து, பளபளத்த கல்லின் தலைமாட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே போனார். வேம்பு பார்த்தாள். எடுக்கவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை.

சாப்பாடு முடிய மூன்று மணி ஆயிற்று. சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், பாயசம் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் போய்விட்டார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் நாலு மணி பஸ்ஸுக்காக அறைகளிலும் கூடத்து ஓரங்களிலும் இடம் பிடித்துப் படுத்துவிட்டார்கள். சுடர்விழியின் கட்டிலில் இரண்டு அத்தைகள். அவள் எங்கே உட்காருவது என்று பார்த்தாள். வீடு முழுக்க இடமில்லை. கூடத்தின் நடுவில் மட்டும் இருபத்தொரு சதுர அடி காலியாக இருந்தது.

அலமாரியில் இருந்த புத்தகத்தை அவள் காலையிலேயே கவனித்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வந்தாள். செம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, அந்தக் கல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுவரோரம் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பஞ்சநதம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு இடத்தில் நின்றாள். வெகுநேரம் அதே பக்கத்தில் இருந்தாள். அப்புறம் வேகமாகப் பின்னால் திருப்பி, தேடி, இன்னொரு பக்கத்தில் நின்றாள். மூன்றாவது பென்சில் எழுத்தையும் கண்டுபிடித்தாள்.

கொல்லையில் அண்டா கழுவிவிட்டு வேம்பு ஈரக்கையோடு உள்ளே வந்தாள். செம்பை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்து, டீத்தூள் போட்டு, முதல் டம்ளரைக் கொண்டுவந்து பஞ்சநதத்திடம் கொடுத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், குடித்தார். இரண்டாவது டம்ளர் மகளுக்கு. அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், சேலை நனைந்திருந்ததைப் பொருட்படுத்தாமல், மகளுக்கு எதிரே அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எங்கேர்ந்து ஆரம்பிப்பாங்க?"

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று சுடர்விழிக்குத் தெரிந்தது. "எங்க காலேஜ்ல கையிலேர்ந்தும்மா. திருவாரூர்ல எப்புடின்னு தெரியல."

"கையிலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க." வேம்பு கல்லின்மேல் கையை வைத்தாள். "அவரு கை நல்ல கைதான். நரம்பு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும். படிக்கற புள்ளைவளுக்குச் சிரமம் இருக்காது."

சுடர்விழி டீயைக் குடித்து முடித்தாள். "கையக் குடும்மா," என்றாள்.

வேம்பு கையை நீட்டினாள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் மகள் விரலை வைத்து அமுக்கினாள். புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். ஸ்கேஃபாய்டு என்றாள். நகர்த்தி, லூனேட் என்றாள். அடுத்ததைத் தேடினாள், கிடைக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து வந்தாள். மொத்தம் எட்டு எலும்பு இருக்கிறது என்றாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல. நடவு முடிஞ்சா மொதல்ல வலிக்கற எடம் அதுதான்."

"தெரியும். இதுலயே போட்டுருக்கு. கட்டைவெரலுக்கு ஓயாம வேல குடுத்தா இங்க வீங்கும்னு."

"அதையும் எழுதிருக்காங்களா," என்றாள் வேம்பு.

கொல்லை வாசலில் அம்சம் வந்து நின்றாள். கூடத்தைப் பார்த்தாள், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். தெற்குப் பங்கு மூணு ஏக்கருக்கு நாற்றுப் பறித்துப் போட்டாயிற்று, நாளைக்கு நட்டாக வேண்டும், அக்கா இல்லாமல் பதினாறு நாள் ஓட்டியாயிற்று, இனிமேல் மிராசுதார் மெஷினைக் கூப்பிட்டுவிடுவார் என்றாள்.

வேம்பு மகளைப் பார்த்தாள். அவளுடைய கை இன்னும் மகளின் மடியில் இருந்தது.

"மொத பஸ்ஸு எத்தன மணிக்கும்மா?" என்று சுடர்விழி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அஞ்சு அம்பது."

"எழுப்பி வுடு."

வேம்பு கையை இழுத்துக்கொண்டாள். "பாப்பாவ பஸ் ஏத்திவுட்டுட்டு வந்துடறேன்," என்று அம்சத்திடம் சொன்னாள். "ஆறு மணிக்கு எல்லாரும் வரப்புல நிக்கணும். லேட்டா வந்தா அரைக் கூலின்னு சொல்லிரு."

எழுந்து, கல்லின் குறுக்காகவே நடந்து அடுப்படிக்குப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. அதைத் துடைக்க யாரும் துணி எடுக்கவில்லை.